மாப்பிள்ளை வண்டிக்குப் போட்ட புது முகம்

என் சின்ன நாத்தனாரின் வீட்டுக்காரரை ஊரில் சிங்காரம் என்று சொன்னால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. மகள் கல்யாணத்தில் யாரோ தூரத்துச் சொந்தம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். முறைக்கு எனக்கு அண்ணன் ஆகவேண்டும். வயதில் என்னைவிட ரொம்ப இளையவர் என்பதால் நான் தம்பி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். என் மாமியார் இருந்தவரை அதற்கு முகம் சுளிப்பார்.

மோட்டார் சைக்கிளுக்குச் சிங்காரம் பண்ணுவதுதான் அவர் பிழைப்பு. ஒரு மாடலின் டேங்கை இன்னொரு மாடலுக்கு மாட்டுவார். பெரிய வண்டியின் வால்பகுதியைச் சின்ன வண்டிக்குப் பொருத்துவார். எந்த வண்டியின் பக்கமூடி எந்த வண்டிக்குச் சேரும், எதற்கு ஓரம் தேய்க்கவேண்டும், எதற்கு வாஷர் கொடுத்து உயர்த்தவேண்டும் என்பதெல்லாம், எந்த வீட்டுப் பெண் எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டாள் என்று எனக்கு நினைவிருப்பது போல அவருக்கு நினைவிருக்கும். அடிபட்டுக் கிடக்கும் வண்டிகளிலிருந்து கழற்றி வந்த டேங்கும் மட்கார்டும் அவர் கொட்டகைச் சுவர் முழுக்கத் தொங்கும். முன்விளக்கைச் சுற்றி இருக்கும் முகத்தை டூம் என்பார்கள். அதற்கென்று தனிச்சுவர். உள்ளே நுழைந்தால் இருட்டில் பத்துப் பதினைந்து முகங்கள் நம்மையே பார்க்கும். சின்னப் பிள்ளைகள் அழுதுவிடும்.

இஞ்சினில் மட்டும் கை வைக்கமாட்டார். “மேல் தோல்தான் நம்ம வேலை. குடல், ஈரல் எல்லாம் மெக்கானிக் பார்த்துக்கட்டும்” என்பார்.

அவர் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. வண்டி கொட்டகைக்குள் வந்து நடு ஸ்டாண்டில் ஏறியதும், பழைய சைக்கிள் டியூபால் ஹேண்டில்பாரை அசையாமல் நேராகக் கட்டிவிடுவார். அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினால் டேங்கில் கீறல் விழும் என்று பயம். வேலை முடிந்தாலும் அவிழ்க்கமாட்டார். எதிரே தள்ளிப்போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முகம் நேராக இருக்கிறதா கோணலா என்று பார்ப்பார். பிறகு வண்டியைத் தெருவைப் பார்த்து நிறுத்தி வைப்பார். சொந்தக்காரர் வந்து, பார்த்து, வாயைப் பிளந்த பிறகுதான் டியூப் அவிழும். அது அவருக்கு ஒரு திறப்பு விழா மாதிரி.

இன்னொரு பழக்கமும் உண்டு. வண்டி போன கொஞ்ச நேரத்தில் போன் போடுவார். “என்ன, வழியில யாராவது பார்த்தாங்களா?” என்று கேட்பார். பார்த்தார்கள் என்று சொல்லும்வரை விடமாட்டார். இந்தப் போனுக்குப் பயந்தே சிலபேர் வேறு கடைக்குப் போனதுண்டு.

ஒரே மகள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளைக்கு எடைமேடையில் வேலை. லாரிகளை ஏற்றி இறக்கி நிறை பார்ப்பவர். அளந்து பேசுவார். நல்ல பிள்ளை, ஆனால் மாமனாருக்கும் அவருக்கும் ஒட்டவில்லை. சண்டை என்று எதுவும் இல்லை. மாமனார் பத்து வார்த்தை பேசினால் மாப்பிள்ளை “ம்” என்பார். அந்த ‘ம்’ சிங்காரத்தை அரித்துக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் வண்டி அதைவிட அரித்தது. இருப்பதிலேயே விலை குறைந்த சின்ன மாடல். உருண்டை விளக்கு. தட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு முகம்.

“ஊரே என்கிட்ட வண்டியை அழகு பண்ணிட்டுப் போவுது. என் மாப்பிள்ளை இதுல வந்து இறங்கறாரு. எனக்கு எப்படி இருக்கும் அண்ணி?” என்று என்னிடமே புலம்பியிருக்கிறார். தன் பெண்டாட்டி கூப்பிடுவதைப் பார்த்து அவரும் என்னை அண்ணி என்றே கூப்பிடுவார். தம்பி என்று கூப்பிட்டால் அப்படித்தான்.

குழந்தை பிறந்து முதல்முறையாக மகளும் மாப்பிள்ளையும் வந்து தங்கியிருந்தார்கள். நாத்தனாருக்கு முதுகுவலி. உதவிக்கு நானும் போயிருந்தேன். கிளம்புவதற்கு முதல்நாள் மாப்பிள்ளை முடிவெட்டிக்கொண்டு வரப் போனார். திரும்பி வந்து பார்த்தால் அவர் வண்டி கொட்டகையில் நிற்கிறது. முகம் இல்லை. கழுத்தும் கம்பிகளுமாக, தோலுரித்த கோழி மாதிரி.

“ஏங்க, கேக்காம ஏன் கழட்டினீங்க?” என்று நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“சும்மா இரு. நாளைக்குப் பாரு மாப்பிள்ளை மூஞ்சியை.”

மாப்பிள்ளை வண்டியைச் சுற்றி வந்தார். “ஓடுச்சு மாமா. நல்லாத்தான் ஓடுச்சு” என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

பெரிய மாடலின் டூம் இரண்டு அவருக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. சாய்ந்த இரண்டு கண், நடுவில் கூர்மூக்கு, பருந்து பார்ப்பது போல. ஊரில் யாருக்கும் அதுவரை போட்டதில்லை. ஒன்றை மாப்பிள்ளைக்கு என்றும் இன்னொன்றைப் பால்காரனுக்கு என்றும் ஒதுக்கினார். பால்காரனின் வண்டியும் அதே சின்ன மாடல். அந்த டூமின் பின்னால் அகலமான இரும்புச் சட்டம் ஒன்று இருந்தது. சின்ன வண்டியின் கழுத்தில் அது லேசில் உட்காரவில்லை. இரும்புக் குழாயைச் செருகி நெம்பி அதை வளைத்தார், ரப்பரை வெந்நீரில் போட்டு இளக்கி மாட்டினார். குறுக்கே வந்த ஆக்சிலேட்டர் கேபிளை ஓரமாகத் தள்ளிச் சட்டத்துக்குப் பின்னால் செருகினார். இரண்டு வண்டிக்கும் அதே கை, அதே வளைவு, அதே செருகல். இரண்டிலும் ஹேண்டில்பார் டியூபில் கட்டுண்டு நேராக நின்றது.

காலையில் மாப்பிள்ளை வந்து பார்த்தார். வாயைப் பிளக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். சிங்காரத்துக்கு அது போதும். டியூபை அவிழ்த்தார். மகள் குழந்தையை மார்போடு துணியில் கட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். வண்டி தெருவைப் பார்த்தே நின்றதால் நேரே இறங்கிப் போனார்கள். தெருமுனையில் லேசாகச் சாய்ந்து திரும்பி மறைந்தார்கள்.

வாசலில் புழுதி அடங்குவதற்குள் பால்காரன் வந்துவிட்டான். அவன் வண்டிக்கும் டியூப் அவிழ்ந்தது.

“அண்ணே, இதுல போனா மாடு மிரண்டு பால் குடுக்காதேண்ணே!”

“மாடு மிரளாது. பால் வாங்கறவங்க மிரளுவாங்க. தண்ணி கலந்திருக்கான்னு கேக்கவே மாட்டாங்க, போ.”

பால்காரன் சிரித்துக்கொண்டே இஞ்சினைக் கிளப்பினான். கேன் மாட்டிய வண்டி, வாசலில் இடமில்லாமல் உள்ளே குறுக்காக நின்றது, கொட்டகை வாசல் குறுகல். வெளியே எடுக்க ஹேண்டில்பாரை இடதுபக்கம் முழுசாக ஒடித்துத் திருப்பினான். வண்டி அலறியது. கைப்பிடியை முறுக்காமலே இஞ்சின் உச்சத்துக்கு ஏறி, வண்டி துள்ளி, பால்காரனைச் சாக்குமூட்டை மேல் எறிந்துவிட்டுச் சுவரில் முட்டி அணைந்தது.

சத்தம் கேட்டு நான் கையில் வெங்காயத்தோடு ஓடிவந்தேன். பால்காரன் எழுந்து, “வண்டிக்குப் புலி மூஞ்சி வெச்சா புலியாவே ஆயிடுச்சே!” என்றான். தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிங்காரம் சிரிக்கவில்லை. வண்டியை நிமிர்த்தினார். ஹேண்டில்பாரை நேராக வைத்தார். கேபிள் தளர்ந்து கிடந்தது. இடதுபக்கம் மெல்லத் திருப்பினார். கடைசியில் வந்ததும் சட்டத்தில் சிக்கிய கேபிள், கைப்பிடியை முறுக்கினால் இழுபடுவது போலவே, வீணைக்கம்பியாக விறைத்தது. இன்னொரு முறை திருப்பினார். அப்போதும் விறைத்தது.

“அதே செருகல்தான் அண்ணி” என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தபோது கையிலிருந்த வெங்காயம் கீழே விழுந்தது.

தெருவில் போகும்போது யாரும் ஹேண்டில்பாரை அப்படி முழுசாக ஒடிப்பதில்லை. சாய்ந்தே திரும்பிவிடலாம். நின்ற இடத்தில் வண்டியைத் திருப்பும்போதுதான் ஒடிக்கவேண்டும். மாப்பிள்ளை போகும் வழியில் அப்படி ஓர் இடம் இருந்தது, ஒன்றே ஒன்று. ஆற்றைக் கடக்கும் வண்டிப்படகு. இரும்புப் பலகைவழியே படகில் ஏறியதும் கார்களும் வேன்களும் நடுவில் நிற்கும். மோட்டார் சைக்கிள்கள் அவற்றின் பின்னால் போய், இடதுபக்கம் ஒடித்துத் திரும்பி, விளிம்பைப் பார்த்து வரிசையாக நிற்கவேண்டும். விளிம்பில் இடுப்பளவு ஒரு சங்கிலி. சங்கிலிக்கு அப்பால் ஆறு.

மகளுக்குப் போன் போட்டார். வீட்டுச் சமையலறையிலிருந்து மணி அடித்தது. சார்ஜில் போட்டதை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். அடுப்பு மேடையில் அது அதிர்ந்து அதிர்ந்து நகர்வதைப் பார்த்துக்கொண்டு நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளைக்குப் போட்டார். மணி அடித்தது, அவர் துண்டித்தார். மறுபடி போட்டார், மறுபடி துண்டித்தார். மூன்றாம் முறை அணைத்தே வைத்துவிட்டார்.

“யாராவது பார்த்தாங்களான்னு கேக்கப் போறீங்கன்னு நெனச்சிருப்பாரு” என்றாள் நாத்தனார். அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய அடி அவர் வாழ்நாளில் வாங்கியிருக்கமாட்டார்.

தன் வண்டியை எடுத்தார். அது ஊரே சிரிக்கும் வண்டி. மிச்சம் மீதி மூடிகளையெல்லாம் போட்டுத் தைத்த ஒட்டுச்சட்டை மாதிரி இருக்கும். டேங்க் சிவப்பு, இருக்கை பழுப்பு, வால் நீலம். பால்காரன் கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டான்.

பெரிய சாலை குன்றைச் சுற்றிப் போகும். குழந்தையை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை அதில்தான், மெல்லத்தான் போவார். கால்வாய்க் கரை குறுக்குவழி, குண்டும் குழியும். சிங்காரம் கரையில் ஏற்றினார்.

“அண்ணே, மெல்ல! நாம போய்ச் சேர்ந்தாத்தானே அவங்களை நிறுத்த முடியும்?”

“போனைப் போடு.”

“அணைஞ்சேதான் இருக்குண்ணே.”

“போட்டுக்கிட்டே இரு.”

ஒரு குழியில் இறங்கி ஏறியபோது ஒரு பக்கமூடி தெறித்துக் கால்வாயில் விழுந்தது. பால்காரன் “அண்ணே, மூடி!” என்று கத்தினான். ஒரு மூடி விழுந்து அவர் திரும்பிப் பார்க்காமல் போனது வாழ்நாளில் அன்றைக்கு மட்டும்தான்.

வழியெல்லாம் அவர் வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார் என்று பால்காரன் பிறகு என்னிடம் சொன்னான். என்ன சொல்லிக் கத்துவது என்றுதான் யோசித்திருக்கிறார். நேரம் இருக்காது, ஒரு வார்த்தைதான் காதில் விழும். ‘நிறுத்து’ என்றால்? மிரண்டவன் பிரேக்கைப் பிடிப்பான், ஹேண்டில்பார் ஒடிந்தபடியே இருக்கும், இஞ்சின் இழுத்துக்கொண்டே போகும். ‘குதி’ என்றால்? பின்னால் குழந்தை. கேபிள் தளர ஒரே வழி, ஹேண்டில்பார் நேராக வரவேண்டும்.

“நேரா, நேரா, நேரா” என்று முனகிக்கொண்டே வந்தாராம். பால்காரன் பாதை கேட்கிறார் என்று நினைத்து, “ஆமாண்ணே, நேரேதான்” என்று பதில் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறான்.

கரையிலிருந்து இறங்கும்போதே படகின் ஊதல் கேட்டது. துறையில் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட்டிருந்தார்கள். கார்கள் ஏறி முடிந்து மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. சரிவின் நடுவில் இரண்டு கண் வைத்த அந்த முகம், வெயிலில் பளபளவென்று. சுற்றி நின்றவர்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிங்காரம் வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். ஐம்பது தாண்டிய தொப்பை வயிறு, ஓடிப் பழக்கமில்லை. பெயர் சொல்லி மகளைக் கூப்பிட்டார். இஞ்சின் சத்தத்தில் கரைந்தது. பால்காரன் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தான். மாட்டை மடக்கும் விசில். மகள் திரும்பிப் பார்த்தாள்.

அவள் பிறகு சொன்னது இது. அப்பா செருப்பில்லாமல் ஓடிவருவதைப் பார்த்ததும் அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாளாம். “ஏங்க, நிறுத்துங்க, அப்பா வராரு” என்று கணவன் தோளை உலுக்கினாள்.

“சரிவுல எப்படி நிறுத்தறது? பின்னாடி ஆள் நிக்குது. மேல ஏறிட்டுப் பேசிக்கலாம்.”

அவள் கேட்கவில்லை. வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே ஒரு காலை ஊன்றிக் குழந்தையை அணைத்தபடி வழுக்கி இறங்கிவிட்டாள். பின்னால் வந்தவன் பிரேக் அடித்துத் திட்டினான். மாப்பிள்ளைக்குக் கோபம். அத்தனை பேர் எதிரே மாமனார் கூத்து, பெண்டாட்டி கூத்து. முகத்தைத் திருப்பிக்கொண்டு படகில் ஏறினார்.

படகில் வண்டிகளுக்கு இடம் காட்டும் கொடிக்காரன் இடதுபக்கம் கையைக் காட்டினான். மாப்பிள்ளை ஒரு காய்கறி வேனுக்குப் பின்னால் போய், காலைத் தரையில் தட்டிக்கொண்டே ஹேண்டில்பாரை ஒடித்தார்.

இஞ்சின் அலறியது. வண்டி விளிம்பைப் பார்த்துப் பாய்ந்தது. சங்கிலி ஓரம் நின்றிருந்த ஒரு கிழவர் கூடையைப் போட்டுவிட்டு ஒதுங்கினார்.

“நேரா! மாப்ளே, நேரா!”

அந்தக் குரல் தனக்கு எப்படிக் கேட்டது என்று மாப்பிள்ளைக்கே தெரியாது. நிறுத்து என்று கத்தியிருந்தால் நிறுத்தத்தான் பார்த்திருப்பேன் என்றார். நேரா என்றதும் கை தானாக நேராக்கியது. அலறல் சட்டென்று அடங்கியது. வேகம் மட்டும் மிச்சம் இருந்தது. சங்கிலியை விட்டு விலகிய வண்டி வேனின் பின்மூலையில் போய் முட்டியது. சாய்ந்த இரண்டு கண், கூர்மூக்கு, எல்லாம் சில்லுச் சில்லாக இரும்புத்தளத்தில் சிதறின. மாப்பிள்ளை ஒரு முட்டி சிராய்த்து எழுந்து நின்றார்.

அதன்பிறகுதான் ஏச்சு தொடங்கியது.

“கண்ணு தெரியலையா? படகுல வந்து ரேஸ் ஓட்டறே?” என்றான் கொடிக்காரன்.

“வண்டிக்கு வேஷம் போடத் தெரியுது, ஓட்டத் தெரியல” என்றான் வேன்காரன். கூட்டம் சிரித்தது. தானே பயத்தில் முறுக்கிவிட்டோம் என்றுதான் மாப்பிள்ளையும் நம்பிவிட்டார்.

சிங்காரம் பலகையில் ஏறி வந்து மூச்சு வாங்க நின்றார். அங்கிருந்தவர்களில் பாதிப்பேர் அவர் வாடிக்கையாளர்கள். வாயை மூடிக்கொண்டு மாப்பிள்ளை தோளைத் தட்டிக் கூட்டிப் போயிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

“அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. அவர் முறுக்கல” என்றார். “முகம் மாத்தினது நான். கேபிளைத் தப்பா செருகிட்டேன். ஒடிச்சா தானா ஏறும். நான் திருப்பிப் பார்க்கல. எப்பவுமே பார்க்கறதில்ல.”

வேன்காரன்தான் முதலில் வாயைத் திறந்தான். “என் தம்பி வண்டிக்கும் நீதானேய்யா டூம் போட்டே?”

அப்புறம் நடந்ததை மகள் சொல்லும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சொல்வாள். படகில் நின்ற மோட்டார் சைக்கிள்காரர்களில் அவரிடம் வண்டியை வேலைக்கு விட்டவர்களெல்லாம் ஸ்டாண்டைப் போட்டு, இஞ்சினைக் கிளப்பி, ஹேண்டில்பாரை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பிப் பார்த்தார்களாம். படகு முழுக்க வண்டிகள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வண்டி திரும்பும்போதும் சிங்காரம் கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்து நின்றார். வேறு எதுவும் அலறவில்லை. பிறகுதான் தளத்திலேயே உட்கார்ந்தார். மகள் குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். கை நடுங்குகிறது, நீயே வைத்துக்கொள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வண்டி அந்தப் பக்கம் போகவில்லை. பால்காரன் ஒரு சரக்குவண்டி பிடித்துக் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்த்தான். மாப்பிள்ளை மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பேருந்தில் மாமனார் வீட்டுக்கே திரும்பி வந்தார். மாமனாரோடு பேசவில்லை. நாத்தனார் அவர் முட்டிக்கு மருந்து போட்டாள்.

மறுநாள் காலை கொட்டகையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். சிங்காரம் பழைய உருண்டை விளக்கைத் துடைத்து வைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் டியூபைக் கையில் எடுத்தார். மாப்பிள்ளை உள்ளே வந்தார்.

“கட்டாதீங்க மாமா. நான் பிடிச்சுக்கறேன்.”

ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார். மாமனார் “இடது” என்றால் இடதுபக்கம் கடைசிவரை திருப்பினார். “வலது” என்றால் வலது. ஒவ்வொரு திருகாணிக்கும் ஒருமுறை. டேங்கில் எங்கோ ஒரு கீறல் விழுந்தது. இருவரும் பார்த்தார்கள், அடுத்த திருகாணிக்குப் போனார்கள். எனக்குத் தெரிந்து அவர்கள் இருவரும் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் நின்றது அன்றைக்குத்தான்.

வியாபாரம் கொஞ்ச நாள் படுத்தது. இப்போது பரவாயில்லை. வண்டி எடுக்க வருபவர்கள் “கழுத்து திருப்பியாச்சா அண்ணே?” என்று கேலி பண்ணுவார்கள். அவர்கள் எதிரிலேயே இஞ்சினைக் கிளப்பித் திருப்பிக் காட்டுவார். இன்னொரு பருந்து முகத்தைப் பால்காரன் வேண்டாம் என்றுவிட்டான். அது சுவரிலேயே தொங்குகிறது, யாருக்கும் கொடுப்பதில்லை.

பழைய உருண்டை விளக்கை மாட்டிய அன்று பகலில் மகளும் மாப்பிள்ளையும் கிளம்பிப் போன பிறகு, அவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். யாருக்கும் போடவில்லை. போடலாமா என்று என்னைப் பார்த்தார், நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். நாத்தனார் உள்ளே பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள், அவள் காதும் வாசலில்தான்.

கடைசியில் போன் அடித்தது. மாப்பிள்ளை. அவராக மாமனாருக்குப் போன் போட்டது அதுதான் முதல் தடவை. சிங்காரம் எடுத்து எங்களுக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

“வந்து சேர்ந்துட்டோம் மாமா. படகுல ஏறினோம், ஒடிச்சுத் திருப்பினோம், நின்னோம்.”

“ஒண்ணும் இல்லையே மாப்ளே?”

“ஒண்ணும் இல்ல.” பிறகு அவராகவே சொன்னார். “யாருமே பார்க்கல மாமா.”